காட்டோரக் கிராமத்தில் வேலை: வாசகர் கேள்விகள், பதில்கள்

ஊர்மக்களோடு சேர்ந்து காட்டுயிர்களைப் பாதுகாக்கும் வேலைக்கு வர விரும்புவோரும், வந்து ஓரிரு ஆண்டுகள் ஆனவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. கடிதங்களில் யானையும் புலியும் நிறைய வருகின்றன. பதில்களில் ரசீது, பதிவேடு, பேட்டரி, கூட்டக் குறிப்பு ஆகியவையே அதிகம் வரும். இந்தத் துறையில் நல்ல பெயர் எடுப்பதும் கெட்ட பெயர் வாங்குவதும் அவற்றை வைத்துத்தான்.

விலங்கியல் இளங்கலை முடிக்கப்போகிறேன். ஆராய்ச்சியாளராவதைவிட, காட்டோர ஊர்களில் தங்கி வேலை செய்யவே விருப்பம். மேலே என்ன படிக்கலாம்? சம்பளம் எப்படி இருக்கும்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

உங்களுக்குப் பக்கத்திலேயே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. உதகை அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. தேசிய அளவில் டேராடூனிலுள்ள இந்திய வன உயிரின நிறுவனமும், பெங்களூருவில் என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) வளாகத்தில் நடக்கும் முதுகலைப் படிப்பும் பெயர் பெற்றவை. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் குறைவு. பெங்களூருப் படிப்புக்கு ஆண்டுதோறும் சேர்க்கை இல்லை என்பதால் அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தப் படிப்புகளில் விலங்குகளை எண்ணவும், தரவை அலசவும் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள். ஊர்க் கூட்டத்தில் கோபமாக எழுந்து நிற்பவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்பது பாடத்தில் இருக்காது. அதனால் முதுகலை ஆய்வுக்கு ஊரைச் சார்ந்த தலைப்பாக எடுங்கள். பயிர்ச் சேதத்தை அளப்பது நல்ல தொடக்கம். ஒரு பயிர்ப் பருவம் முழுக்க ஒரே ஊரில் இருங்கள். "எல்லாம் போச்சு" என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்கவும் வேண்டாம், அப்படியே எழுதவும் வேண்டாம். அவரையும் கூட்டிக்கொண்டு வயலைச் சுற்றி நடங்கள். ராகியோ நெல்லோ என்றால் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடங்களில் போட்டு, மிதிபட்ட தூர் எத்தனை, நல்ல தூர் எத்தனை என்று எண்ணுங்கள். வாழை என்றால் மரத்தை எண்ணி, தார் விட்டதா இல்லையா என்பதைத் தனியாகக் குறியுங்கள். இரண்டுக்கும் நஷ்டம் ஒன்றல்ல. கேள்விகளை ஏக்கர், கிலோ கணக்கில் கேட்காமல் சென்ட், மூட்டை, தார் என்று கேளுங்கள். கடந்த ஒரு பருவத்தைத் தாண்டிக் கேட்காதீர்கள். ஐந்து ஆண்டுக் கணக்கு யாருக்கும் நினைவிருக்காது. சொல்வது ஊகமாகத்தான் இருக்கும், அது பின்னால் உங்கள் அறிக்கையில் உண்மைபோல உட்கார்ந்துவிடும்.

சம்பளம்: மத்திய அரசு விதிப்படி நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். அதற்கு நெட் போன்ற தகுதித் தேர்வு வேண்டும். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் இதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புலிகள் காப்பக அறக்கட்டளைகளும் உயிரியலாளர்களை ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. நேர்முகத் தேர்வில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பைக்குக்குப் பெட்ரோல் யார் செலவு, தங்கும் இடத்துக்கு வாடகை யார் தருவது, விபத்துக் காப்பீடு எத்தனை லட்சத்துக்கு, ஒரு நிதி முடிந்து அடுத்தது வரும் வரை சம்பளம் உண்டா என்ற நான்கையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேரான பதில் சொல்லும் நிறுவனம் பொதுவாக நல்ல நிறுவனம்.

பி.காம். படித்துவிட்டுக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருக்கிறேன். உயிரியல் தெரியாது. இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?
– வாசகர், ஈரோடு

கண்டிப்பாக உண்டு. ஊர் நிதிக் குழுவின் ரொக்கப் புத்தகத்தை ஒழுங்காக எழுதவும், அதை எழுத ஊர்க்காரர் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரிந்தவர்கள் இத்துறையில் மிகக் குறைவு. பணத்தைக் கையாளும் குழு உடைவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, எழுதாமல் விட்ட செலவால்தான். கூடவே கியூஜிஸ் வரைபட மென்பொருள், கோபோ போன்ற கைபேசிப் படிவங்கள், இரு சக்கர வாகன உரிமம் மூன்றையும் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். பறவை, விலங்குப் பெயர்களை ஊர்க்காரர்களே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால், "புலி அடிச்ச மாட்டுக்கு முதல்ல காசு வாங்கிக் குடுங்க தம்பி, அப்புறம் பேசலாம்" என்கிறார்கள். அது வனத்துறை வேலை அல்லவா? நாங்கள் என்ன செய்ய முடியும்?
– களப் பணியாளர், கூடலூர்

பணம் கொடுப்பது அரசின் வேலை. அந்தப் பணம் வந்து சேரும்படி மனுவைச் சரியாகக் கட்டிக் கொடுப்பது உங்கள் வேலையாக இருக்கலாம். விழிப்புணர்வுக் கூட்டங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்திவிட்டு இதை மட்டும் செய்தாலும் தப்பில்லை.

உங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புலி அடித்த மாட்டின் சொந்தக்காரர் வெறுத்துப்போய் அந்த உடலில் பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டால், திரும்பித் தின்ன வரும் புலி சாகும். அதற்குப் பிறகு இறங்கும் பாறுக்கழுகுகளும் கூட்டமாகச் சாகும். மாயாறு பள்ளத்தாக்கில் நீர்மருத மரங்களில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறுக்கழுகுக்கு, தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சில. கழுகைக் காப்பாற்றும் வேலையில் பாதி, மாட்டுக்காரரின் அந்த முதல் நாள் கோபத்தைத் தணிப்பதில் இருக்கிறது.

தகவல் வந்த அன்றே போங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார் என்பதற்கே மதிப்பு உண்டு. மாட்டின் உடலை யாரும் இழுக்கவோ புதைக்கவோ வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். வனக் காப்பாளருக்கும் வனச்சரகருக்கும் மாட்டுக்காரரின் போனிலிருந்தே அழைத்துச் சொல்லவைத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனதும் படங்கள் எடுக்க வேண்டும். முழு உடல், கழுத்தில் கோரைப்பல் பதிந்த இடம், இழுத்துப்போன தடம், பக்கத்தில் அளவுகோல் வைத்துக் காலடித் தடம், காதில் உள்ள மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. காது வில்லை இல்லாத மாடு யாருடையது என்பதில்தான் பாதி மனுக்கள் தடுமாறும். ஆகவே சம்பவம் நடக்கும் முன்பே, கால்நடை மருத்துவமனையில் சொல்லி ஊர் முழுக்க வில்லை போடவைப்பது நல்லது.

கால்நடை மருத்துவரின் சான்றில் ஒரு வரி முக்கியம். பல் பதிந்த இடத்தில் தோலை விலக்கிப் பார்த்தால் சதையில் ரத்தம் கட்டியிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால்தான் அப்படி ரத்தம் கட்டும். நோயில் செத்த மாட்டை விலங்கு பிறகு தின்றிருந்தால் கட்டாது. இதைப் பார்த்து எழுதச்சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். "வனவிலங்கு தாக்கி இறந்தது" என்று மட்டும் இருந்தால் மேலே போய்த் திரும்பி வரும்.

பயிர்ச் சேதம் என்றால் சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, படங்கள். சிக்கல் எங்கே வரும் என்றால், நிலம் அப்பா பெயரில் இருக்கும், பயிர் செய்வது மகனாக இருக்கும். அல்லது குத்தகை வாய்ப்பேச்சாக இருக்கும். பட்டாவே இல்லாத நிலமாகவும் இருக்கும். கூடலூரில் இந்த மூன்றாவது வகை அதிகம். இத்தகைய மனுக்களை மற்றவற்றோடு கலக்காமல் தனிப் பட்டியலாக்கி, மாவட்ட அலுவலரிடம் மொத்தமாக எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றாகப் போனால் ஒவ்வொன்றாகத் தள்ளுபடி ஆகும்.

வங்கிப் புத்தகத்திலும் ஆதாரிலும் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். இதை மனு கொடுக்கும் அன்றே சரிபாருங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறகு ஒரு நீள நோட்டில் பெயர், சம்பவத் தேதி, மனுத் தேதி, இப்போது எந்த மேசையில் இருக்கிறது, அடுத்து விசாரிக்க வேண்டிய நாள் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதிவாருங்கள். மாதம் ஒருமுறை அந்த நோட்டை ஊரில் எல்லார் முன்பும் வாசியுங்கள். வராத பணத்தையும் சேர்த்து வாசியுங்கள்.

காப்புக்காட்டுக்குள் மேய்ந்த மாடு என்றால் மனு தள்ளுபடியாகும் வாய்ப்பு அதிகம். "பட்டா நிலத்தில் செத்தது என்று எழுதிடுங்க" என்று கேட்பார்கள். எழுதாதீர்கள். ஒரு பொய் மனு பிடிபட்டால் அடுத்த பத்து உண்மையான மனுக்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

மருந்துக் கடைகளையும் மறக்க வேண்டாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்துதான் நாடு முழுக்கப் பாறுக்கழுகுகளை அழித்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்துபோகும். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டுக்கும் 2023-இல் வந்தது. கழுகுக்குக் கேடில்லாத மாற்று மெலாக்சிகம், டோல்ஃபெனாமிக் அமிலம். மாட்டுக்காரர் வீட்டில் மிச்சம் இருக்கும் மருந்துக் குப்பியை வாங்கிப் பாருங்கள். எந்தக் கடையில் எந்த மருந்து இன்னும் விற்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் ஊரில் ஒரு அமைப்பு சோலார் வேலி போட்டுக் கொடுத்தது. முதல் வருடம் யானை வரவில்லை. இரண்டாவது வருடம் வேலியைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டது. யானைக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?
– விவசாயி மகன், தாளவாடி

யானைக்குப் பழகிப்போவது உண்மைதான். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை ஆண் யானைகள் கண்டுபிடித்துவிடும். காய்ந்த மரத்தைத் தள்ளிக் கம்பிமேல் போடும். ஆனால் இரண்டாவது வருடத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. வேலியில் ஷாக் குறைந்துபோயிருக்கும், அது யானைக்குத் தெரிந்துவிடும்.

வேலிக்கான மின்அளவி ஒன்று வாங்கிப் பாருங்கள். கம்பிக்கு மின்சாரம் கொடுக்கும் இயந்திரத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் முனையில் அளக்க வேண்டும். 5,000 வோல்ட்டுக்குக் கீழே போனால் யானையை நிறுத்த அதை நம்ப முடியாது. குறைவதற்கு முதல் காரணம் செடி. மழை முடிந்ததும் புல்லும் உண்ணிச்செடியும் கீழ்க்கம்பியைத் தொடும். தொடும் ஒவ்வொரு இலையும் கொஞ்சம் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும். வேலியின் இரு பக்கமும் செடியை வெட்டி வைப்பது, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது காரணம் எர்த். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. யானை கம்பியைத் தொட்டதும் மின்சாரம் அதன் உடல் வழியே மண்ணுக்குள் இறங்கி, எர்த் கம்பி வழியாக இயந்திரத்துக்குத் திரும்பினால்தான் ஷாக் அடிக்கும். ஒரே ஒரு கம்பியை இரண்டடிக்கு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு மீட்டர் நீளக் கம்பி மூன்று, ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் தள்ளி வேண்டும். சோதிப்பது எளிது. இயந்திரத்திலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால், ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வேலிக் கம்பிமேல் சாய்த்து வையுங்கள். இப்போது எர்த் கம்பிக்கும் சற்றுத் தள்ளிய மண்ணுக்கும் இடையே அளந்து பாருங்கள். 300 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை என்று பொருள். இன்னொரு கம்பி அடியுங்கள், கோடையில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். மாசி, பங்குனியில் மண் காய்ந்திருக்கும்போது வேலி செயலற்றுப்போவது இதனால்தான்.

மூன்றாவது பேட்டரி. மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும், முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்ய வேண்டும், பேனலைத் துடைக்க வேண்டும். எல்லாம் செய்தாலும் சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கான பணத்தை வேலி போட்ட மாதத்திலிருந்தே ஏக்கர் கணக்கில் பிடித்து வைக்காத ஊரில் வேலி நிலைக்காது. அந்த அமைப்பு உங்களுக்கு வேலி கொடுத்தது. பராமரிப்பு நிதியும், யார் எந்த வாரம் நடந்து பார்ப்பது என்ற முறைப்பட்டியலும் கொடுத்ததா? இல்லையென்றால் தவறு யானையிடம் இல்லை.

தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கான விதிகள் 2023-இல் வந்துள்ளன. புது வேலி போடும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சோலார் வேலியின் மின்சாரம் ஒரு நொடிக்கு ஒருமுறை, கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாகத் தட்டிவிட்டு நின்றுவிடும். லைன் மின்சாரம் பிடித்தால் விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் ஒரே இரவில் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. இப்படி யானை இறந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை. அதே கம்பியில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் சாகலாம்.

வால்பாறையில் யானை வருவதை எஸ்.எம்.எஸ்ஸில் சொல்கிறார்களே, எங்கள் பகுதியில் அதையே வாட்ஸ்அப் குழுவாகச் செய்யலாமா?
– ஆய்வு மாணவர், கோத்தகிரி

செய்யலாம். ஆனால் வால்பாறையில் என்ன செய்தார்கள் என்பதை முழுதாகப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அங்கே தேயிலைத் தோட்டங்கள் சுமார் 220 சதுர கிலோமீட்டர், சுற்றிலும் காடு. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2002 முதல் யானைகளைத் தொடர்ந்து கவனித்ததில், மனிதர்கள் அதிகம் இறந்தது யானை வீட்டுக்கு வந்ததால் அல்ல, யானை நிற்பது தெரியாமல் இருட்டில் எதிரே போனதால் என்று தெரிந்தது. கடைசிப் பஸ்ஸில் இறங்கி லயன் வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) நடந்து போகும் அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் ஆபத்து. ஆகவே சாயங்காலத்துக்குள் தகவல் போய்ச் சேர வேண்டும் என்று முடிவானது. முதலில் உள்ளூர் கேபிள் டி.வி.யில் ஓடும் எழுத்து, 2011-இலிருந்து யானை நிற்கும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி, மேடான இடங்களில் போன் வழியாக எரியவைக்கும் சிவப்பு விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தன. விளக்கை எரியவைப்பதும் அணைப்பதும் ஊர்க்காரர்கள் கையிலேயே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் பகலில் யானையைத் தேடி நடக்கும் ஆட்கள் இருந்தார்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் பின்னால் அப்படி நடக்கும் ஆள் யார்?

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். யானை போய்விட்டது, விளக்கை யாரும் அணைக்கவில்லை என்றால் மூன்றாம் நாள் அந்த விளக்கை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். எரியவைக்கும் அதே ஆளுக்கு அணைக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும். போன் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய்ப் பட்டியலைத் திருத்துங்கள். தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாத் தொழிலாளர்கள் ஏராளம். தமிழில் மட்டும் செய்தி போனால் புதிதாக வந்த, இடம் தெரியாத, அதிகம் ஆபத்திலிருக்கும் ஆளுக்கே அது சேராது. இந்தியிலும் குரல் பதிவாக அனுப்புங்கள்.

வாட்ஸ்அப்பில் பெரிய சிக்கல், செய்தி வெளியே போய்விடும். துல்லியமான இடத்தைப் போட்டால் அரை மணி நேரத்தில் செல்ஃபி எடுக்க வண்டிகள் வந்து நிற்கும், பட்டாசு வெடிப்பார்கள், யானை ஊருக்குள் ஓடும். அட்மின் மட்டும் பதிவிடும் குழுவாக வையுங்கள். இடத்தை ஊர்க்காரருக்கு மட்டும் புரியும் பெயரில் சொல்லுங்கள். "மூணாம் நம்பர் லயன் பக்கம்" என்பது போதும்.

காட்டை நம்பியிருப்பவர்களுக்கு மாற்றுத் தொழில் என்று தையல் மிஷின் கொடுத்தோம். இப்போது பாதி மிஷின்கள் மூடிக் கிடக்கின்றன. வேறு என்ன செய்திருக்க வேண்டும்?
– திட்ட ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல்

வாங்குபவர் யார் என்பதை முதலில் பார்த்திருக்க வேண்டும். இருளர்களைப் பாருங்கள்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1976-இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும், பாம்பு பிடித்துத் தோல் விற்றுவந்த அந்தப் பழங்குடியினரின் வருமானத்தை நிறுத்தின. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவர்களுக்குப் புதுத் தொழில் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களிடம் தலைமுறையாக இருந்த திறமையை அப்படியே எடுத்துக்கொண்டது. பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுவார்கள். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்கள் வாங்குபவர்களாகக் காத்திருந்தன. அப்படியும் வாங்குபவர்கள் சிலரே, அரசு அனுமதி தாமதமானால் வேலை நின்றுபோகும் என்ற பலவீனம் அதில் இருக்கிறது.

மாற்றுத் தொழிலைவிட நஷ்டத்தைக் குறைப்பது பல ஊர்களில் சுலபம். இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் கிப்பர் ஊரில் 2002-இல் கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். பனிச்சிறுத்தை அடிக்கும் யாக், குதிரைகளுக்கு உரிமையாளர்களே தவணை கட்டுகிறார்கள், ஊர்க் குழுவே நஷ்டத்தைச் சரிபார்க்கிறது. ஆடுகளுக்கு வேறு வழி. பட்டிக்குள் பனிச்சிறுத்தை இறங்கிவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஆகவே பட்டியின் கூரைக்கும் சன்னலுக்கும் கம்பி வலை, இடைவெளி இல்லாத கதவு.

உங்கள் ஊரில் இப்படியொரு நிதி வைத்தால் கணக்கு எப்படி வரும் என்று ஓர் உதாரணம். 60 குடும்பம், 240 மாடு, ஆண்டுக்குச் சராசரி ஆறு மாடு போகிறது என்று வையுங்கள். மாட்டின் விலை 20,000, கொடுப்பது பாதி என்றால் ஆண்டுச் செலவு 60,000. மாட்டுக்கு 250 ரூபாய் ஆகிறது. ஊர் 150 போட்டால் 36,000, மீதி 24,000 திட்டத்திலிருந்து. இதற்குமேல், ஒரு மோசமான ஆண்டைத் தாங்க இன்னொரு 60,000 கையிருப்பாகத் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் முதல் மோசமான ஆண்டிலேயே நிதிக் குழு கலைந்துவிடும். முழு விலையும் கொடுக்காதீர்கள், மாட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கறை குறையும். ஊர்ப் பங்கு இல்லாமலும் கொடுக்காதீர்கள், பொய்க் கோரிக்கையைத் தட்டிக்கேட்க ஆள் இருக்காது. தன் பணம் போகிறது என்றால் பக்கத்து வீட்டுக்காரரே கேட்பார்.

வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? தனி ஆளாக முடியுமா?
– களப்பணியாளர், நாகர்கோவில்

ரஃபோர்ட் அறக்கட்டளையின் சிறு நிதி, இளைஞர் குழுக்களுக்கான கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம் இரண்டும் தொடக்கக் காலத்தவர்களுக்கு ஏற்றவை. ஆனால் வெளிநாட்டுப் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிச் செலவழிக்க நினைக்காதீர்கள். வெளிநாட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பின் வழியாக, டெல்லி எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. விண்ணப்பம் எழுதும் முன்பே எந்த அமைப்பில் அமர்ந்து வேலை செய்வீர்கள் என்று முடிவு செய்து கடிதம் வாங்குங்கள். சரணாலயத்துக்குள் ஆய்வு என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், கால அட்டவணையில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பயப்படுகிறார்கள். அம்மாவுக்கு என்ன சொல்வது?
– வாசகி, விருதுநகர்

ஆபத்தே இல்லை என்று சொல்லாதீர்கள். என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். வேலையில் சேரும் முன் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 0, 7, 21 அல்லது 28 ஆம் நாள் என மூன்று தவணை போட்டுவிடுங்கள். காட்டுப் பகுதியில் வேலை செய்யும்போது காய்ச்சல் வந்தால், எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலில் இடுப்பு, அக்குள் மடிப்புகளில் கருப்பாகக் காய்ந்த ஒரு புண் இருக்கும், வலிக்காது, தேடிப் பார்த்தால்தான் தெரியும். சொன்னால் சரியான மருந்து உடனே கிடைக்கும், சொல்லாவிட்டால் ஒரு வாரம் சாதாரணக் காய்ச்சலாகவே போகும். பாம்பு கடித்தால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த மருத்துவமனை எது, இரவில் வண்டி யாருடையது என்பதை முதல் வாரத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

தங்கும் வீடு ஊருக்கு நடுவில் இருக்கட்டும், ஒதுக்குப்புறத்தில் வாடகை குறைவு என்பதற்காகப் போகாதீர்கள். காட்டுக்குள் தனியாகப் போகக் கூடாது என்ற விதி ஆண்களுக்கும் உண்டு. நிறுவனத்தில் பாலியல் புகார்க் குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார் என்று சேரும் நாளிலேயே கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அது சட்டப்படி கட்டாயம்.

இன்னொன்று, நீங்கள் பெண் என்பதால் உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். விலங்குகளைப் படமெடுக்க வைக்கும் தானியங்கிக் கேமராக்களை, விறகு பொறுக்கவும் இயற்கைக் கடனுக்கும் பெண்கள் போகும் தடங்களில் வைத்துவிடுகிறார்கள். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் இதனால் பெண்கள் பட்ட துன்பத்தை 2024-இல் வெளியான ஓர் ஆய்வு விரிவாகச் சொன்னது. கேமரா வைக்கும் முன் ஊர்ப் பெண்களிடம் தடம் கேளுங்கள். மனிதர் படம் வந்தால் அன்றே அழிக்கும் விதியை எழுதி வையுங்கள். குழுவில் ஆண்கள் மட்டுமே இருந்தால் இந்தக் கேள்வியை யாரும் கேட்கமாட்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பழங்குடி இளைஞன் நான். ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறேன். எட்டு வருடமாக அதே கூலி. எங்களுக்கு இதில் முன்னேற்றம் உண்டா?
– வாசகர், ஆனைமலை

இத்துறையின் பெரிய குறை நீங்கள் சொல்வதுதான். தடம் பார்ப்பது, எச்சம் அடையாளம் காண்பது, யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்வது எல்லாம் உங்களிடமிருந்து வருகிறது, அறிக்கையில் பெயர் இருப்பதில்லை. 2023-இல் பாம்பு பிடிப்பவர்களான, இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்தது நல்லது, ஆனால் மாதச் சம்பளமும் பதவியும் வேறு விஷயம்.

அடுத்து வரும் ஆய்வாளரிடம் வேலை தொடங்கும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். தினக்கூலியா, மாதச் சம்பளமா? விபத்துக் காப்பீடு என் பெயரில் உண்டா? நான் செய்த வேலைக்குத் தேதியோடு அனுபவச் சான்று தருவீர்களா? கட்டுரையில் என் பெயர் ஆசிரியர் வரிசையில் வருமா, நன்றி வரியில் வருமா? எட்டு ஆண்டுக்கான சான்றுகளைப் பழைய ஆய்வாளர்களிடம் இப்போதே கேட்டு வாங்கத் தொடங்குங்கள், மின்னஞ்சலில் வந்தாலும் போதும். ஜி.பி.எஸ்., கோபோ படிவம், கேமரா அமைப்பது மூன்றும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவை சான்றில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். வனக் காப்பாளர் பணிக்கான அறிவிப்பு வரும்போது வயதுச் சலுகை உங்களுக்கு உண்டு, பாருங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலை தற்காலிகமானது என்பதை அறிந்துகொண்டே சேருங்கள்.

2006 வன உரிமைச் சட்டத்தில் சமூகக் காட்டு வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை இருக்கிறது. உங்கள் ஊரில் அதற்கு மனுப் போட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். போடவில்லை என்றால், ஊர் எல்லையை வரைபடமாக்கும் வேலைக்கு நடந்து பார்த்து ஜி.பி.எஸ்ஸில் குறிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். எல்லைக் கல், நீரோடை, தேன் எடுக்கும் மரம், சாமி இருக்கும் இடம் என்று ஒவ்வொன்றையும் பெரியவர்களோடு நடந்து பதிந்து, ஊரின் வன உரிமைக் குழு சரிபார்த்த பிறகு, கிராம சபைத் தீர்மானத்தோடு உட்கோட்ட அளவிலான குழுவிடம் கொடுக்க வேண்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.